ஒரே சமிக்ஞை, வேறு வேறு விளைவு: கலங்களும் அவற்றின் வாங்கிகளும்

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ எந்த ஆஸ்பத்திரியின் கிளினிக்கில் காத்திருந்தாலும் சில பேச்சுகள் திரும்பத் திரும்பக் காதில் விழும். "இன்சுலின் சுரக்கிறது நிண்டுட்டு, அதான் சீனி கூடுது" என்பார் ஒருவர். "ஓமோன் குழம்பிட்டாம்" என்பார் இன்னொருவர். இவற்றில் உண்மை அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆயினும் இப்பேச்சுகளுக்குப் பின்னால், ஓமோன் என்பது தானே உடலெங்கும் சென்று தானே வேலையைச் செய்து முடிக்கும் ஒரு பொருள் என்றும், அது கூடினால் வேலை கூடும், குறைந்தால் வேலை குறையும் என்றும் ஓர் எண்ணம் இருக்கிறது. அந்த எண்ணம் பிழையானது. அதனாலேயே தங்கள் நோயைப் பற்றியும் தாங்கள் விழுங்கும் மாத்திரையைப் பற்றியும் பலர் தவறான முடிவுகளுக்கு வருகிறார்கள்.

உடலில் ஓடும் சமிக்ஞைப் பொருள்கள் பெரும்பாலும் தாமாக எந்த வேலையும் செய்வதில்லை. அவை வந்து சேரும் கலத்திடம் எத்தகைய ஏற்பாடு இருக்கிறதோ அதுவே விளைவைத் தீர்மானிக்கிறது. இதை உயிரியல் படித்திராத ஒருவரும் பின்தொடரக்கூடிய வகையில் படிப்படியாக விளக்க முயல்கிறேன்.

தெருவில் ஒலிக்கும் ஹோன்

களுவாஞ்சிகுடியிலோ கல்லாற்றிலோ காலை வேளையில் மீன் வியாபாரி மோட்டார் சைக்கிளில் ஹோன் அடித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் நுழைவதை எண்ணிப் பாருங்கள். அந்தச் சத்தம் எல்லா வீட்டுக்கும் ஒரே அளவில்தான் போகிறது. ஒரு வீட்டிலிருந்து சட்டியோடு ஒருவர் படலைக்கு வருகிறார். வெள்ளிக்கிழமை விரதம் இருக்கும் வீட்டில் எவரும் அசைவதில்லை. மதிலில் படுத்திருந்த பூனை குதித்து ஓடிவருகிறது. இரவு முழுவதும் கடலில் நின்று திரும்பி உறங்குபவருக்கு அது கேட்பதேயில்லை.

ஹோன் சத்தத்துக்குள் மீனும் இல்லை, "சட்டியை எடுத்துக்கொண்டு வா" என்ற கட்டளையும் இல்லை. அது ஒரு சத்தம், அவ்வளவே. அதைக் கேட்பவர் இருக்கிறாரா, கேட்பவரின் வீட்டில் என்ன வழக்கம் என்பவற்றைப் பொறுத்தே ஒவ்வொரு வாசலிலும் ஒவ்வொன்று நடக்கிறது. கலங்களுக்கிடையிலான தொடர்பின் அடிப்படையும் இதுவே. ஆனால் இந்த ஒப்புமையை ஓர் எல்லைக்கு மேல் இழுக்கக் கூடாது. வீட்டில் இருப்பவர் யோசித்து முடிவெடுக்கிறார், கலம் யோசிப்பதில்லை. அங்கே நடப்பவை யாவும் மூலக்கூறுகளின் வடிவத்தாலும் மின்னேற்றத்தாலும் மோதலாலும் நடப்பவை. இனி அவற்றையே பார்ப்போம்.

சமிக்ஞையும் வாங்கியும்

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி கலங்கள் இருக்கின்றன என்பது அண்மைக்கால மதிப்பீடு. ஒவ்வொரு கலத்தையும் மிக மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று சூழ்ந்திருக்கிறது. இதற்குக் கலமென்சவ்வு என்று பெயர். நீரில் கரையும் பொருள்கள் இந்தக் கொழுப்புப் படலத்தை எளிதில் ஊடுருவ மாட்டா. குருதியில் மிதந்துவரும் இன்சுலின், அதிரினலின் போன்றவை கலத்தின் வாசல்வரை வந்து அங்கேயே நின்றுவிடுகின்றன. கலத்தினுள்ளே மாற்றம் நிகழ வேண்டும். செய்தி கொண்டுவந்த பொருளோ உள்ளே போக முடியாது. இந்தச் சிக்கலுக்கான தீர்வுதான் வாங்கி.

ஒரு கலம் வெளியிட, இன்னொரு கலத்தில் மாற்றத்தைத் தூண்டும் மூலக்கூற்றைச் சமிக்ஞை என்கிறோம். அந்தச் சமிக்ஞையைப் பிடித்துக்கொண்டு தன் வடிவத்தை மாற்றும் புரதத்தை வாங்கி என்கிறோம். பெரும்பாலான வாங்கிகள் கலமென்சவ்வின் குறுக்கே பதிந்திருக்கின்றன. அவற்றின் ஒரு பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மற்றொரு பகுதி உள்ளே இருக்கும். வெளிப்பகுதியில் குறிப்பிட்ட வடிவமுடைய ஒரு குழி உண்டு. அதற்குப் பொருந்தும் மூலக்கூறு வந்து அமரும்போது புரதம் முழுவதும் சற்றே முறுகுகிறது, அந்த முறுகல் உட்பகுதிவரை போய்ச் சேர்கிறது. சமிக்ஞை வெளியே நிற்கிறது, ஆனால் உள்ளே ஒரு வடிவம் மாறிவிட்டது. கலம் செய்தியைப் பெற்றது என்று நாம் சொல்வது இந்த வடிவ மாற்றத்தைத்தான்.

சமிக்ஞை மூலக்கூறு தன் வாங்கியைத் தேடிச் செல்வதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். "இலக்கை நோக்கிப் பயணிக்கும் ஓமோன்" என்று நாளிதழ்களில் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு நோக்கம் எந்த மூலக்கூறுக்கும் கிடையாது. அது எழுந்தமானமாக அலைந்து எல்லாவற்றோடும் மோதுகிறது. பொருந்தாத இடத்தில் ஒட்டாமல் விலகிவிடுகிறது, பொருந்திய இடத்தில் சிறிது நேரம் தங்குகிறது. அந்தப் பிணைப்பும் பெரும்பாலும் தளர்வானது என்பதால் பிறகு கழன்றுபோகிறது. வாங்கி இல்லாத கலத்துக்கு அந்தச் சமிக்ஞை இல்லாததற்குச் சமம்.

விதிவிலக்காக, ஈஸ்திரோஜன், தெஸ்தெஸ்தரோன் போன்ற சில ஓமோன்கள் கொழுப்பில் கரைபவை. அவை மென்சவ்வைக் கடந்து உள்ளே போய் அங்கிருக்கும் வாங்கிகளோடு சேர்ந்து, எந்தப் புரதங்களைக் கலம் உருவாக்க வேண்டும் என்பதை மாற்றுகின்றன. அவற்றின் விளைவு வெளிப்பட மணிக்கணக்கிலோ நாட்கணக்கிலோ ஆகலாம். இவ்வளவு தெரிந்தால் இங்கே போதும்.

சமிக்ஞை போகும் தூரமும் வேறுபடும். குருதியோடு கலந்து உடலெங்கும் போவது ஓமோன். ஒரு நரம்பின் முடிவிலிருந்து அதற்கு முன்னால் இருக்கும் கலத்துக்கு மட்டும் போவது நரம்புச் சமிக்ஞை. காயம் பட்ட இடத்தில் சிவந்து வீங்குவதற்குக் காரணமானவை போன்று, அண்டை அயலோடு நின்றுவிடுபவையும் உண்டு. தூரம் எதுவாயினும் முறை ஒன்றே: வெளியிடுதல், பரவுதல், வாங்கியில் பொருந்துதல், உள்ளே மாற்றம் தொடங்குதல்.

இரண்டு தவளை இதயங்கள்

நரம்பு தன் செய்தியைத் தசைக்கு மின்சாரமாகவே கடத்துகிறது என்றுதான் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலரும் நம்பினார்கள். அதை மாற்றிய சோதனை மிக எளிமையானது. அறிவியல் எவ்வாறு முன்னேறுகிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

1921இல், ஒஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஆய்வு செய்த ஓட்டோ லோவி, துடித்துக்கொண்டிருக்கும் இரண்டு தவளை இதயங்களை உப்புக் கரைசலில் வைத்தார். முதலாவது இதயத்தில் வேகசு நரம்பு, அதாவது மூளையிலிருந்து வந்து இதயத் துடிப்பைத் தணிக்கும் நரம்பு, இணைந்தவாறு இருந்தது. இரண்டாவது இதயத்தில் நரம்பு எதுவும் இல்லை. முதலாவது இதயத்தின் நரம்பை அவர் மின்னால் தூண்டியதும் எதிர்பார்த்தபடியே துடிப்புத் தணிந்தது. பின்னர் அந்த இதயத்தில் இருந்த கரைசலை எடுத்து இரண்டாவது இதயத்தில் இட்டார். நரம்பே இல்லாத அந்த இதயமும் தணிந்து துடித்தது. நரம்பிலிருந்து ஏதோ ஒரு பொருள் கரைசலுக்குள் வந்திருக்க வேண்டும். அந்தப் பொருளே செய்தி. இதற்கான யோசனை உறக்கத்தில் தோன்றியதாகவும், முதல்நாள் இரவில் கிறுக்கிவைத்த குறிப்பைக் காலையில் வாசிக்க முடியாமற்போனதாகவும், மறுநாள் இரவு மீண்டும் அதே யோசனை வந்தபோது நேரே ஆய்வுகூடத்துக்குப் போய்விட்டதாகவும் லோவியே பின்னாளில் கூறியிருக்கிறார். அந்தப் பொருள் அசற்றைல்கோலின் என்பது பின்னர் உறுதியாயிற்று. 1936இல் லோவிக்கும், அசற்றைல்கோலினை ஆராய்ந்த பிரித்தானியரான ஹென்றி டேலுக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதயத்தைத் தணிக்கும் இதே அசற்றைல்கோலின்தான் கையையும் காலையும் அசைக்கும் தசைகளைச் சுருங்க வைக்கிறது. ஓரிடத்தில் அமைதிப்படுத்துகிறது, இன்னோரிடத்தில் உசுப்பிவிடுகிறது. மூலக்கூற்றில் இம்மியளவும் வேறுபாடில்லை; வாங்கிகள்தாம் வேறு. எலும்புத் தசையில் இருப்பவை நிக்கொட்டீன் வகை வாங்கிகள். அவற்றின் நடுவே ஒரு துளை உண்டு. அசற்றைல்கோலின் பொருந்தியதும் அந்தத் துளை திறந்து சோடியம் அயன்கள் உள்ளே பாய, தசை சுருங்குகிறது. இதயத்திலும் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் குடலிலும் இருப்பவை மசுக்கரீன் வகை வாங்கிகள். அவற்றில் துளை இல்லை. அவை உள்ளே வேறொரு தொடர்வினையைத் தொடங்கிவைக்கின்றன. இந்த இரண்டு பெயர்களும் பின்னால் தேவைப்படும்.

தசையில் இப்படி ஏதோ ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்பதை 1905இலேயே இங்கிலாந்தின் ஜோன் நியூபோர்ட் லாங்லி ஊகித்துவிட்டார். நரம்பை அறுத்து அது முற்றாக அழிந்துபோன பின்னரும் நிக்கொட்டீனை இட்டால் தசை சுருங்கியது. அப்படியானால் நிக்கொட்டீன் பற்றிக்கொள்ளும் இடம் தசையில்தான் இருக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். அந்தப் புரதத்தைக் கண்ணால் காணும் காலத்துக்கு அரை நூற்றாண்டுக்கும் முன்னர், வெறும் தர்க்கத்தால் எட்டிய முடிவு இது.

சுருக்கமாக: சமிக்ஞை ஒரு மூலக்கூறு. வாங்கி அதைப் பிடிக்கும் புரதம். ஒரே சமிக்ஞை வேறு வாங்கியில் பொருந்தினால் வேறு விளைவு.

உள்ளே நடப்பது

துளையுள்ள வாங்கியின் கதை துளை திறப்பதோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. மற்ற வகைகளில் வாங்கியின் வடிவ மாற்றம் ஒரு தொடக்கம் மட்டுமே. வாங்கியின் உட்பகுதி அருகிலிருக்கும் ஒரு புரதத்தை விழிப்பூட்டுகிறது, அது இன்னொன்றை விழிப்பூட்டுகிறது. இந்தச் சங்கிலியைச் சமிக்ஞைத் தொடர் என்போம். சில தொடர்களில், கலத்தினுள்ளே வேகமாகப் பரவக்கூடிய ஒரு சிறு மூலக்கூறு பெருமளவில் உருவாக்கப்படுகிறது. இதற்கு இரண்டாம் தூதுவர் என்று பெயர். வெளியே வந்து நின்ற சமிக்ஞை முதல் தூதுவர். அமெரிக்கரான ஏர்ல் சதர்லாந்து, ஈரற் கலங்களில் அதிரினலின் எவ்வாறு தொழிற்படுகிறது என்பதை 1950களில் ஆராயும்போது இவ்வகையில் முதலாவதைக் கண்டறிந்தார். அது சைக்ளிக் ஏ.எம்.பி. எனப்படுகிறது. 1971இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வளவு சுற்றுவழி எதற்கு என்று மாணவர்கள் கேட்பதுண்டு, நியாயமான கேள்வி. ஒவ்வொரு படியிலும் செய்தி பெருகுகிறது என்பது முதலாவது காரணம். ஒரு வாங்கி பல புரதங்களை விழிப்பூட்டும். அவை தூண்டும் நொதியங்கள், அதாவது வேதித் தாக்கங்களை விரைவுபடுத்தும் புரதங்கள், ஒவ்வொன்றும் ஏராளமான இரண்டாம் தூதுவர்களை உருவாக்கும். இறுதியில், வாசலில் வந்தமர்ந்த ஒரே ஓர் அதிரினலின் மூலக்கூறுக்காக ஈரற் கலத்திலிருந்து இலட்சக்கணக்கான குளுக்கோசு மூலக்கூறுகள் வெளியேற முடியும். குருதியில் ஓமோன்கள் மிகமிகச் சிறிய அளவில் இருந்தும் உடல் முழுவதையும் ஆட்டிப்படைக்க முடிவது இதனாலேயே. ஒவ்வொரு படியிலும் கட்டுப்பாட்டுக்கு இடமுண்டு என்பது இரண்டாவது காரணம். ஒரு தொடரின் வேகத்தை இன்னொரு தொடர் கூட்டவோ குறைக்கவோ முடியும். ஆகவே ஒரு கலம் பெறும் பல சமிக்ஞைகளின் ஒட்டுமொத்த நிலைதான் அதன் நடத்தையாகிறது.

அதிரினலினும் இன்ஹேலரும்

ஒழுங்கையில் நாய் துரத்தும்போது உடலில் நடப்பதை யாவரும் அறிவர். இதயம் வேகமாகவும் வலுவாகவும் அடிக்கிறது, சுவாசக் குழாய்கள் விரிகின்றன, தோல் வெளிறுகிறது, ஈரல் குளுக்கோசை வெளியிடுகிறது. இவற்றில் அதிரினலினுக்குப் பெரும் பங்குண்டு. இதயத் தசை கூடுதலாகச் சுருங்க, சுவாசக் குழாயின் தசையோ தளர்கிறது. தோலின் குருதிக் குழாய்கள் ஒடுங்குகின்றன. எல்லாம் ஒரே குருதியில் ஓடும் ஒரே பொருளுக்கு.

1948இல் அமெரிக்கரான ரேமண்ட் அல்குவிஸ்ட், அதிரினலினுக்கு அல்பா, பீற்றா என்னும் இரண்டு வகை வாங்கிகள் இருக்க வேண்டும் என்று எழுதினார். பிற்காலத்தில் பீற்றா வகையும் இரண்டாகப் பிரிக்கப்பட்டது: இதயத்தில் முதன்மையாக பீற்றா-1, சுவாசக் குழாயில் பீற்றா-2. தோலின் குருதிக் குழாய்களில் அல்பா வகை மேலோங்கியிருக்கிறது.

இந்தப் பிரிவினை ஏட்டோடு நிற்கவில்லை. தொய்வு உள்ளவர் கையில் வைத்திருக்கும் நீல நிற இன்ஹேலரில் பெரும்பாலும் சல்பியூட்டமோல் இருக்கும். அது பீற்றா-2 வாங்கியில் பொருந்தி, அதிரினலின் செய்வது போலவே சுவாசக் குழாயைத் தளரச் செய்கிறது. பொருத்தம் முற்றிலும் தனித்ததன்று என்பதால், கூடுதலாக இழுத்தால் கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் உண்டு. மறுபக்கத்தில், பிரித்தானியரான ஜேம்ஸ் பிளாக் 1960களில் உருவாக்கிய புரொப்பிரனலோல் பீற்றா வாங்கியில் அமர்ந்துகொண்டு எதையும் தூண்டாமல் இடத்தை அடைத்துவைக்கிறது. அதிரினலின் வந்தாலும் அமர இடமில்லை, ஆகவே இதயம் நிதானமாகிறது. ஆனால் அது பீற்றா-1, பீற்றா-2 என்று பாராமல் இரண்டையும் அடைப்பதால், தொய்வு உள்ளவரின் சுவாசக் குழாய் ஆபத்தான அளவுக்கு ஒடுங்கிவிடக்கூடும். நெஞ்சுப் படபடப்புக்கு மருந்து எழுதுமுன் "தொய்வு இருக்கா?" என்று வைத்தியர் கேட்பது இதற்காகவும்தான். அந்தக் கேள்வியை அலட்சியமாகக் கருதி "இல்லை" என்று சொல்லிவிடக் கூடாது. அயலவரின் மாத்திரையை இரவல் வாங்கி விழுங்கவும் கூடாது.

வயலில் அடிக்கும் மருந்து

சமிக்ஞை தொடங்குவது போலவே அது முடிவதும் முக்கியம். பாட விளக்கங்களில் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடந்துபோகும் இந்தப் பகுதிதான், வெள்ளாமை செய்யும் நம் பிரதேசத்துக்கு மிக நெருக்கமானது என்பதால் இங்கே சற்று நிற்கிறேன்.

நரம்பின் முடிவுக்கும் தசைக்கும் இடையில் ஒரு மில்லிமீற்றரின் இருபதாயிரத்தில் ஒரு பங்கு அளவான இடைவெளி இருக்கிறது. நரம்பு வெளியிட்ட அசற்றைல்கோலின் அதைக் கடந்து வாங்கியில் பொருந்துகிறது. தசை சுருங்குகிறது. அடுத்த அசைவுக்குத் தசை தளர வேண்டுமானால், இடைவெளியிலுள்ள அசற்றைல்கோலின் அகற்றப்பட வேண்டும். அந்த வேலைக்கென்றே அங்கு ஒரு நொதியம் காத்திருக்கிறது. அதன் ஒரு மூலக்கூறு ஒரு செக்கனில் ஆயிரக்கணக்கான அசற்றைல்கோலின் மூலக்கூறுகளை உடைத்துவிடும். உடலில் இருக்கும் மிக வேகமான நொதியங்களில் இதுவும் ஒன்று.

ஒகனோபொசுபேற்று வகையைச் சேர்ந்த பூச்சிகொல்லிகள் பூச்சியின் உடலில் இந்த நொதியத்தைத்தான் முடக்குகின்றன. மனிதரிடமும் அதே நொதியம் இருப்பதால், அவை மனிதரையும் அவ்வாறே தாக்குகின்றன. வாயால் மட்டுமன்றித் தோலாலும் மூச்சாலும் அவை உடலுக்குள் போகும். சம்மாந்துறையிலோ படுவான்கரையிலோ முதுகில் மெசினைக் கட்டிக்கொண்டு, காற்றுக்கு எதிராக நின்று, நனைந்த சட்டையோடு மருந்தடிப்பவர் எதையும் குடிக்காமலே நஞ்சேறக் கூடும்.

அப்போது தெரியும் அறிகுறிகளை இதுவரை பார்த்த இரண்டு வாங்கிகளைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். உடைக்க எவரும் இல்லாததால் அசற்றைல்கோலின் தேங்குகிறது. மசுக்கரீன் வகை வாங்கிகள் ஓயாமல் தூண்டப்படுவதால் எச்சில் வடிகிறது, வியர்க்கிறது, வயிற்றை முறுக்குகிறது, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்குகிறது, சுவாசக் குழாயில் சளி நிரம்புகிறது, இதயத் துடிப்புக் குறையக்கூடும். நிக்கொட்டீன் வகை வாங்கிகள் ஓயாமல் தூண்டப்படுவதால் தசைகள் முதலில் துடிக்கின்றன, பின்னர் களைத்துச் செயலிழக்கின்றன. மூச்சை இழுக்கும் தசைகளும் அவற்றுள் அடங்கும்.

ஆஸ்பத்திரியில் ஏற்றப்படும் அத்திரோப்பின் மசுக்கரீன் வகை வாங்கிகளை அடைத்து, சளியையும் எச்சிலையும் வற்றச் செய்து, இதயத்தை மீட்கிறது. ஊமத்தையில் இருக்கும் நச்சும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. ஊமத்தங்காய் தின்றவரின் வாய் வறண்டு கண்மணி விரிவது அதனால்தான். ஆனால் அத்திரோப்பின் நிக்கொட்டீன் வகை வாங்கிகளில் பொருந்துவதில்லை என்பதால் தசைப் பலவீனத்துக்கு அதனால் பயனில்லை. நோயாளி தேறிவருவதாகத் தோன்றிய பின்னரும் அவரை வைத்தியர்கள் நாட்கணக்கில் கண்காணிப்பதற்கும், சிலருக்குச் செயற்கைச் சுவாசம் வழங்குவதற்கும் காரணம் இதுவே. டைமெத்தோவேற், பென்தியோன் ஆகிய இரண்டு ஒகனோபொசுபேற்றுகளையும் 2008இன் பின்னர் இலங்கை படிப்படியாகத் தடைசெய்தது. ஆயினும் எந்தப் பூச்சிகொல்லியையும் வெறும் தண்ணீர் போலக் கையாளலாகாது. உடையில் பட்டால் உடனே களைந்து சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். மேலே சொன்ன அறிகுறி ஒன்று தெரிந்தாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பாம்பும் கீரியும்

பூச்சிகொல்லி சமிக்ஞையை முடியவிடாமல் செய்கிறது. நாகபாம்பின் நஞ்சு அது தொடங்கவே விடாமல் செய்கிறது. அந்த நஞ்சிலுள்ள ஒரு சிறு புரதம் தசையின் நிக்கொட்டீன் வகை வாங்கியில் இறுகப் பொருந்தி, துளையைத் திறக்காமலே இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நரம்பு வழக்கம்போல அசற்றைல்கோலினை வெளியிடுகிறது, ஆனால் பெற்றுக்கொள்ள எவரும் இல்லை. முதலில் கண்ணிமை சரிகிறது, பிறகு விழுங்க முடியாமற்போகிறது, கடைசியில் மூச்சுத் தசைகள் நிற்கின்றன. கட்டுவிரியனின் நஞ்சு இதற்கும் அப்பால் சென்று நரம்பின் முடிவையே சிதைக்கிறது. அது மறுபடி வளர நாட்களோ வாரங்களோ தேவை. அதுவரை உயிரைத் தாங்கிநிற்பது செயற்கைச் சுவாசமே. கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்து உறங்குவோரையே பெரும்பாலும் கடிக்கிறது. வலியோ வீக்கமோ பெரிதாக இராது. வலி இல்லையென்று விடியும்வரை காத்திருப்பதும், முதலில் விசகடிப் பரிசாரியிடம் போவதும் உயிரோடு விளையாடுவதற்குச் சமம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

வாங்கியை ஆராய்ச்சியாளர்கள் முதன்முதலில் பிரித்தெடுத்ததும் பாம்பு நஞ்சின் துணையோடுதான். தாய்வானின் ஒருவகைக் கட்டுவிரியனிலிருந்து 1963இல் பிரிக்கப்பட்ட ஒரு நச்சுப் புரதம் இந்த வாங்கியை விட்டு எளிதில் கழல்வதில்லை. அதைத் தூண்டிலாகக் கொண்டு, 1970 அளவில், மின்விலாங்கின் உடலிலிருந்து அந்த வாங்கியை இனங்கண்டு பிரித்தார்கள்.

பாம்போடு சண்டையிடும் கீரி, கடிபட்டதும் ஏதோ ஒரு மூலிகையைத் தின்று நஞ்சை முறிக்கிறது என்று ஊரில் சொல்வார்கள். உண்மை இதைவிட வியப்பானது. கீரியின் தசையிலும் நிக்கொட்டீன் வகை வாங்கிகள் இருக்கின்றன, அசற்றைல்கோலினும் அவற்றில் வழக்கம்போலவே பொருந்துகிறது. ஆனால் நஞ்சு பொருந்த வேண்டிய இடத்தருகே புரதத்தின் கட்டுக்கூறுகளான அமினோ அமிலங்கள் சில மாறியிருக்கின்றன. சீனி மூலக்கூறுகளாலான ஒரு சங்கிலியும் அங்கே ஒட்டிக்கொண்டு வழிமறிக்கிறது. சிறிய அசற்றைல்கோலின் உள்ளே போகிறது, அதைவிடப் பெரிய நச்சுப் புரதத்தால் நெருங்க முடிவதில்லை. நாகபாம்பு தன் நஞ்சாலேயே செத்துப்போகாமல் இருப்பதற்கும் இதையொத்த மாற்றம் அதன் வாங்கியில் இருப்பது ஒரு காரணம். நஞ்சு நஞ்சாவதுகூட அதைப் பெறும் வாங்கியைப் பொறுத்ததே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சீனி வருத்தம்: சமிக்ஞை இருந்தும் கேளாத கலம்

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட இன்சுலினுக்கு வரலாம். இன்சுலின் சீனியை எரிப்பதாகவும் கரைப்பதாகவும் பலர் நினைக்கிறார்கள். 51 அமினோ அமிலங்களாலான அந்தச் சிறு புரதம் குளுக்கோசைத் தொடுவதுகூட இல்லை. உணவுக்குப் பிறகு குருதியில் குளுக்கோசு கூடும்போது சதையி இன்சுலினை வெளியிடுகிறது. தசைக் கலத்திலும் கொழுப்புக் கலத்திலும் அது தன் வாங்கியில் பொருந்த, உள்ளே ஒரு சமிக்ஞைத் தொடர் ஓடுகிறது. அதன் முடிவில், கலத்தினுள்ளே சிறு பைகளில் ஒதுங்கியிருந்த குளுக்கோசு கடத்தும் புரதங்கள் மென்சவ்வுக்கு வந்து பதிகின்றன. அவற்றினூடாகவே குளுக்கோசு உள்ளே போகிறது. ஈரலில் அதே இன்சுலினுக்கு வேறு விளைவு: குளுக்கோசை உருவாக்கி வெளியிடுவதை ஈரல் குறைத்துக்கொள்கிறது.

முதலாம் வகை நீரிழிவில் இன்சுலினைச் சுரக்கும் கலங்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிறது. சமிக்ஞையே இல்லை, ஆகவே ஊசி மூலம் இன்சுலின் ஏற்றாமல் உயிர்வாழ முடியாது. நம்மிடையே பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை. அதில் ஆரம்ப ஆண்டுகளில் இன்சுலின் வழக்கத்தைவிடக் கூடுதலாகக்கூட இருக்கலாம். வாங்கியில் அது பொருந்தவும் செய்கிறது. ஆனால் தசையிலும் ஈரலிலும் கொழுப்புச் சேர்வது முதலிய காரணங்களால் உள்ளே ஓட வேண்டிய சமிக்ஞைத் தொடர் மந்தமாகிவிடுகிறது. இதை இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள். ஈடுகொடுக்க மேலும் மேலும் சுரந்த சதையி, ஆண்டுகள் செல்லச் செல்லத் தளர்ந்துபோகும்போது குருதியில் சீனி உயர்கிறது.

"ராத்திரி ஒண்டும் சாப்பிடாமத்தான் படுத்தன், காலையில எப்பிடி இவ்வளவு சீனி?" என்று கிளினிக்கில் மனம் வெதும்புவோருக்கு விடை இங்கே இருக்கிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை. இன்சுலினின் செய்தியைச் சரிவரப் பெறாத ஈரல், இரவு முழுவதும் தானே குளுக்கோசை உருவாக்கிக் குருதியில் விட்டுக்கொண்டிருக்கிறது. பலருக்கும் முதலில் எழுதப்படும் மெற்போமின் மாத்திரையின் முதன்மையான வேலை ஈரலின் இந்த வெளியீட்டைக் குறைப்பதுதான். அது இன்சுலினும் அன்று, சதையியைக் கசக்கி இன்சுலின் எடுக்கும் மருந்தும் அன்று. சாப்பாட்டைத் தவிர்த்த நாளில் அதுவும் தேவையில்லை என்று தாமாகவே நிறுத்திவிடுவோர், அந்த மாத்திரை எதைச் செய்கிறது என்பதை அறியாததாலேயே அப்படிச் செய்கிறார்கள்.

நடப்பதால் என்ன பயன் என்று கேட்போருக்கும் கலத்தின் மட்டத்திலேயே பதில் உண்டு. வேலை செய்யும் தசை, இன்சுலின் வாங்கியின் உதவி இல்லாமலே, வேறொரு சமிக்ஞைத் தொடரால் அந்தக் குளுக்கோசு கடத்தும் புரதங்களை மென்சவ்வுக்குக் கொண்டுவருகிறது. மந்தமாகிப்போன வழிக்கு அருகே, பழுதுபடாத இன்னொரு வழி இருக்கிறது. தசை சுருங்கும்போதெல்லாம் அது திறக்கிறது. நடந்து முடித்த பின்னரும் பல மணி நேரத்துக்கு அந்தத் தசை இன்சுலினுக்கு முன்னைவிட நன்றாகத் துலங்குகிறது. இதே காரணத்தால், இன்சுலின் ஊசி போடுபவர்களும் சதையியைத் தூண்டும் மாத்திரைகள் எடுப்பவர்களும் வழக்கத்தைவிட நீண்ட தூரம் நடக்கும் நாளில் சீனி அளவுக்கு மீறிக் குறையலாம். அவர்கள் சட்டைப் பையில் குளுக்கோசோ இனிப்போ வைத்திருக்க வேண்டும். தங்கள் மருந்தின் அளவைப் பற்றி முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளவும் வேண்டும்.